பக்கவாதத்துக்குப் பின் விஆர் விளையாட்டு: இடது கைப் பயிற்சியில் கற்றவை

பக்கவாதம் வந்து வீடு திரும்புகிறவர்களிடம் எல்லோரும் சொல்லும் அறிவுரை, "கையை அசைத்துக்கொண்டே இருங்கள்" என்பதுதான். எத்தனை முறை, எந்தத் திசையில், எவ்வளவு சிரமத்தோடு அசைக்க வேண்டும் என்பதை அவ்வளவு தெளிவாக யாரும் சொல்வதில்லை. என் மூளையின் வலப்பாதியில் இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதால் இடது கையும் காலும் தளர்ந்திருந்தன. இடப்பக்கம் இருக்கும் பொருள் பார்வைக்குள் விழுந்தாலும் கவனத்துக்கு வராமல் போனது. அந்த நிலையில் நான் சேர்ந்த மறுவாழ்வுச் சிகிச்சைப் பிரிவில், வழக்கமான இயன்முறைப் பயிற்சிகளோடு விஆர் விளையாட்டும், அதாவது கண்களை மூடும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கணினி காட்டும் மெய்நிகர் உலகுக்குள் ஆடும் விளையாட்டும், சேர்க்கப்பட்டது. ஆடுபவரின் திறனைக் கணித்து, கடினத்தைத் தானே கூட்டியும் குறைத்தும் கொள்ளும் வகை விளையாட்டு அது. அதில் எனக்கு எது பயன்பட்டது, எதை மனிதக் கண் கொண்டு பார்த்துத் திருத்த வேண்டியிருந்தது என்பதை, இதே சிகிச்சையைத் தொடங்கப்போகிறவர்களுக்காகவும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

நோயாளிக்கு எதற்கு விளையாட்டு என்ற கேள்வி என் குடும்பத்தாருக்கு இருந்தது, எனக்கும் இருந்தது. விடை எண்ணிக்கையில் இருக்கிறது. மூளையின் ஒரு பகுதி செயலிழந்த பிறகு, முதல் சில வாரங்களிலும் மாதங்களிலும் ஓரளவு மீட்சி தானாகவே நடக்கும். அதற்கு மேல் கிடைக்க வேண்டியது, ஒரு நோக்கத்தோடு ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால்தான் கிடைக்கும். விலங்குகளை வைத்து நடந்த ஆய்வுகளில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான முறை கையை நீட்டிப் பொருளை எடுக்கப் பழக்கியிருக்கிறார்கள். மனிதர்களின் சிகிச்சை அறையில் என்ன நடக்கிறது என்பதைக் கேத்தரின் லாங்கும் அவருடைய குழுவினரும் நேரில் பார்த்து எண்ணி 2009-இல் வெளியிட்டார்கள். கையைக் கொண்டு ஏதேனும் ஒரு செயலைச் செய்யப் பழக்கிய அமர்வுகளில், சராசரியாக 32 முறைதான் அந்த அசைவு நடந்திருந்தது. சிகிச்சையாளரின் அக்கறையில் குறை இருந்ததால் வந்த எண் அல்ல அது. ஒரு மரக்கட்டையை எடுத்து வைக்கச் சொல்லி, விழுந்ததை எடுத்துக் கொடுத்து, கையைத் தாங்கிப் பிடித்து, களைத்தவரை உட்கார வைத்து ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்தால் நேரம் அதிலேயே போய்விடும். விளையாட்டில் விழுந்த பொருளை யாரும் குனிந்து எடுக்க வேண்டியதில்லை. அடுத்தது உடனே கண்முன் வந்து நிற்கும். அதே அசைவைப் பன்மடங்கு அதிகமாகச் செய்துவிட்டு, சலிப்பே தெரியாமல் ஹெட்செட்டைக் கழற்றிய நாள்கள் எனக்கு உண்டு.

பயிற்சி எப்போதும் ஓர் அளவெடுப்போடுதான் தொடங்கும். கைப்பிடி இல்லாத, நல்ல முதுகுச் சாய்வுள்ள நாற்காலியில் இரு பாதங்களும் தரையில் படும்படி உட்கார வைப்பார்கள். ஹெட்செட்டை மாட்டியதும் ஒரு வெற்று அறை தெரியும். அதில் என் இரு கைகளுக்கு நிகராக இரண்டு கைகள் மிதக்கும். இடது கையை முன்னால், பக்கவாட்டில், உடலைக் குறுக்காகக் கடந்து வலப்பக்கம், மேலே என ஒவ்வொரு திசையிலும் முடிந்தவரை நீட்டச் சொல்வார்கள். கை எட்டிய இடத்திலெல்லாம் ஒரு புள்ளி விழும். எல்லாப் புள்ளிகளையும் சேர்த்து ஒரு கோடு வரையப்படும். அந்தக் கோட்டுக்கு உள்ளே இருப்பது அன்றைக்கு என் கையின் எல்லை. விளையாட்டில் வரும் பந்துகள் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்ளும், சில அதற்குக் கொஞ்சம் வெளியேயும் தோன்றும். அந்த வெளிப்பந்துகள்தான் உண்மையில் மருந்து.

இந்த அளவெடுப்பைத் தயவுசெய்து ஒரு நாள்கூடத் தவிர்க்காதீர்கள். பக்கவாதத்துக்குப் பிந்தைய களைப்பு, சாதாரண அசதியோடு ஒப்பிட முடியாத ஒன்று. இரவுத் தூக்கம் கெட்டால், காய்ச்சல் கண்டால், மனம் சோர்ந்தால் கை முந்தின நாள் எட்டிய இடத்தை எட்டாது. தசை இறுக்கமும் நாளுக்கு நாள், வேளைக்கு வேளை மாறும். நேற்றைய எல்லையை வைத்துக்கொண்டு இன்றைய விளையாட்டைத் தொடங்கினால், முதல் சில நிமிடங்கள் தோல்வியிலேயே கழியும். கருவி பிறகு தானே இறங்கி வரும் என்பது உண்மைதான். ஆனாலும் ஏற்கெனவே நொந்திருக்கும் மனத்துக்கு அந்தச் சில நிமிடங்களே போதும், "எனக்கு இது ஆகாது" என்று முடிவுகட்ட.

கடினம் எந்தக் கணக்கில் ஏறி இறங்குகிறது என்பதைச் சிகிச்சையாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. கருவிக்குக் கருவி விதி வேறுபடும். பார்சிலோனாவில் மோனிகா கமெய்ரோவும் பால் வெர்ஷூரும் சகாக்களோடு உருவாக்கி 2010-இல் விவரித்த முறை, இதில் நன்கு அறியப்பட்ட ஓர் எடுத்துக்காட்டு: பறந்து வரும் பந்துகளில் 70 விழுக்காட்டுக்கு மேல் பிடித்தால் கடினம் ஏறும், 50 விழுக்காட்டுக்குக் கீழே போனால் இறங்கும். பந்தின் வேகம், ஒரு பந்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி, பக்கவாட்டில் அவை சிதறும் அகலம் ஆகியவைதான் அங்கே மாறுகின்றன. இதற்குப் பின்னால் உள்ள எண்ணத்தை குவாடக்னோலியும் லீயும் 2004-இல் ஒரு கோட்பாடாகவே எழுதியிருக்கிறார்கள். கற்பவருக்கு எளிதாக முடிகிற வேலையில் கற்பதற்கு ஒன்றுமில்லை. முற்றிலும் முடியாத வேலையிலும் ஒன்றுமில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு புள்ளி இருக்கிறது, கற்பவர் முன்னேற முன்னேற அந்தப் புள்ளியும் நகர்கிறது என்பதே அதன் சாரம். தகவமையும் விளையாட்டு அந்தப் புள்ளியைத் துரத்திக்கொண்டே போகிறது.

இதனால் ஒரு விநோதமான மனநிலை ஏற்படும். அதை முன்கூட்டியே அறிந்திருப்பது பலரைச் சோர்விலிருந்து காப்பாற்றும். வாரக்கணக்கில் ஆடியும் திரையில் என் வெற்றி விழுக்காடு ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றது. பத்துப் பந்துக்கு ஏழு என்றால் அடுத்த வாரமும் ஏழுதான். கை தேறவே இல்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில், தேறத் தேறப் பந்து வேகமாகிறது, தள்ளிப் போகிறது, சிறிதாகிறது. விழுக்காடு அசையாமல் நிற்பதற்காகவே அந்த விதி எழுதப்பட்டிருக்கிறது. முன்னேற்றத்தைப் பார்க்க வேண்டிய இடம் வேறு: எவ்வளவு தூரத்தில் இருந்த பந்துக்கு அந்த ஏழு கிடைத்தது, எவ்வளவு வேகத்தில் கிடைத்தது என்பதில். என் சிகிச்சையாளர் ஒவ்வொரு வார முடிவிலும், கை எட்டும் தூரத்தைக் காட்டும் அந்த எட்டுதூரக் கோட்டை அச்செடுத்துப் பழைய கோட்டின் மேல் வைத்துக் காட்டுவார். முன்னால் நீளும் பகுதி நன்றாக வளர்ந்திருக்கும், இடப்பக்க மேல்மூலை நகராமல் கிடக்கும். எந்த எண்ணையும்விட அந்த இரண்டு கோடுகளும் எனக்குத் தெளிவாகப் பேசின. உங்கள் மையத்தில் வெற்றி விழுக்காட்டை மட்டும் காட்டினால், தூரமும் வேகமும் எங்கே பதிவாகின்றன என்று கேளுங்கள்.

விளையாட்டுக்கு வெளியே ஓர் அளவுகோல் இருப்பதும் அவசியம். ஒரு நிமிடத்தில் 2.5 செ.மீ. கனசதுரக் கட்டைகளை ஒரு தடுப்பைத் தாண்டி எத்தனை எடுத்துப் போட முடிகிறது என்று எண்ணும் பெட்டிச் சோதனையும், கைக்கு 66 மதிப்பெண் வைத்துப் பார்க்கும் ஃபூகல்–மேயர் சோதனையும் பல மையங்களில் வழக்கத்தில் உள்ளன. விளையாட்டில் நிலை மேல் நிலையாக ஏறிக்கொண்டே போய், இந்தச் சோதனைகளில் ஒன்றும் மாறவில்லை என்றால், கற்றது விளையாட்டை மட்டும்தான். அந்த நிலையில் பயிற்சியை மாற்றி அமைக்க வேண்டும்.

இனி, இடப்பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் நோயில் மிகக் கடினமான பகுதி அதுதான்; தகவமைப்பு என்பதன் பலமும் பலவீனமும் அங்கேதான் வெளிப்பட்டன. மூளையின் வலப்பாதி அடிபட்டவர்களில் பலருக்கு இடப்பக்க உலகம் கவனத்திலிருந்து நழுவிவிடுகிறது. கண்ணில் கோளாறு இராது. பார்க்கச் சொன்னால் பார்ப்பார்கள். சொல்லாவிட்டால் அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதே தோன்றாது. ஒரு வரியைப் படிக்கும்போது பாதியிலிருந்து தொடங்குவேன், வாக்கியம் பொருந்தாதது மட்டும் உறுத்தும். கதவு நிலையில் இடது தோள் இடிக்கும்.

இப்படிப்பட்ட ஒருவர் பந்து பிடிக்கும்போது இடப்பக்கம் வரும் பந்துகளை அதிகமாகத் தவறவிடுவார். வெற்றி விழுக்காடு குறையும். கருவி தன் விதிப்படி ஆட்டத்தை எளிதாக்கும். எப்படி எளிதாக்கும் என்பதில்தான் சிக்கல். பந்துகள் சிதறும் அகலத்தைக் குறைத்து, எல்லாவற்றையும் நடுவுக்கும் வலப்பக்கத்துக்கும் கொண்டுவந்தால் விழுக்காடு உடனே ஏறிவிடும். கருவியின் கணக்கில் ஆடுபவர் தேறிவிட்டார். அவருக்கு மிகவும் தேவைப்பட்ட இடப்பக்கமோ பயிற்சியிலிருந்து சத்தமில்லாமல் நீங்கிவிடும். என் பதிவுகளில் இது நடக்கத் தொடங்கியதைச் சிகிச்சையாளர் கண்டுகொண்டார். "சார், நீங்க நல்லாத்தான் ஆடுறீங்க. ஆனா மெஷின் உங்களுக்கு லெஃப்ட் சைடுல பந்தே போடல, பாருங்க" என்று பதிவை என் முன்னால் திருப்பினார். அதன் பிறகு அவர் இடப்பக்கம் வர வேண்டிய பந்துகளின் பங்கைக் கருவி மாற்ற முடியாதபடி நிலைநிறுத்தினார். எளிதாக்க வேண்டுமானால் பந்து மெதுவாக வரலாம், பெரிதாகலாம், இடக்காதில் ஓர் ஓசை முன்னறிவிப்பாகக் கேட்கலாம். பக்கம் மட்டும் மாறக்கூடாது.

இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு ஆட்டம் கடினமாகத்தான் ஆனது. ஓசை கேட்டதும் தலையை இடப்பக்கம் திருப்பி, பந்தைத் தேடிக் கண்டு, பிறகு கையை அனுப்ப வேண்டும். நாளடைவில் ஓசையின் அளவு குறைந்தது, பிறகு நின்றது. தலை தானாகத் திரும்பத் தொடங்கியது. தனிப்பட்டவருக்கேற்ற சிகிச்சை என்று சொல்வதன் முழுப் பொருளும் எனக்கு இதில்தான் புரிந்தது. எது மாறலாம், எது மாறக்கூடாது என்று ஒருவர் முடிவு செய்து கொடுத்த பிறகுதான் கருவியின் தகவமைப்பு அந்த ஆளுக்கு உரியதாகிறது. ஆகவே புதிதாகச் சேர்பவர்கள் கேட்க வேண்டிய கேள்விகளில் முதன்மையானது இது: எங்கள் ஆளுக்கு எந்த அளவைக் கருவி மாற்ற விடுகிறீர்கள், எதைப் பூட்டி வைக்கிறீர்கள்?

தொழில்நுட்பத்தில் இன்னொரு சிறிய விஷயமும் இதோடு சேர்ந்தது. ஹெட்செட்டிலேயே உள்ள கேமராக்கள்தான் கையைப் பார்க்கின்றன. தலை வலப்பக்கம் திரும்பியிருக்கும்போது உடலின் இடப்பக்கம் தொங்கும் கை அந்தக் கேமராக்களின் பார்வைக்கு வெளியே போய்விடும்; உடனே விளையாட்டில் என் இடது கை மறைந்துவிடும். இருக்கிற கையையே மறக்கப் பார்க்கும் மூளைக்கு, திரையிலும் அந்தக் கை இல்லாமல் போவது நல்லதல்ல. விரல்கள் உள்ளே மடங்கி இறுகியிருக்கும்போதும் கேமரா அதைக் கை என்று சரியாக இனங்காணாமல் தடுமாறும். கையில் பிடித்து ஆடும் கருவியான கன்ட்ரோலரை இடது முன்கையில் பட்டையால் கட்டிவிட்ட பிறகு இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. கருவி கையைக் கண்டுகொள்ளாத ஒவ்வொரு முறையையும் ஆடுபவரின் தோல்வியாகக் கணக்கில் சேர்க்கிறது என்பதால், பார்த்துக்கொள்கிறவர்கள் இதில் ஒரு கண் வைத்திருப்பது அவசியம்.

கருவி பார்க்காத இன்னொன்று உடல். கை எட்டாத பந்தை முதுகு எட்டிப் பிடிக்கும். முழங்கையை நீட்டுவதற்குப் பதிலாக இடுப்பிலிருந்து முன்னே சாய்வதும், தோளைக் காதுவரை தூக்குவதும் பக்கவாதத்துக்குப் பிறகு உடல் தானாகத் தேர்ந்துகொள்ளும் குறுக்குவழிகள். மிண்டி லெவினும் அவரோடு பணியாற்றியவர்களும் இதை நீண்ட காலமாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். உடல் சாய்வதைத் தடுத்துப் பயிற்றும்போது முழங்கை நீள்வது மேம்படுவதையும் காட்டியிருக்கிறார்கள். கையின் இருப்பிடத்தை மட்டும் அளக்கும் விளையாட்டுக்குச் சாய்ந்து பிடித்ததும் நீட்டிப் பிடித்ததும் ஒன்றுதான், இரண்டுக்கும் ஒரே புள்ளி. அதனால் சரியான அசைவுக்கும் குறுக்குவழிக்கும் ஒரே பரிசு கிடைத்து, எளிதான குறுக்குவழியே பழக்கமாகிவிடும்.

என் மார்பின் குறுக்கே ஓர் அகலப் பட்டையைப் போட்டு நாற்காலியின் சாய்வோடு தளர்வாகக் கட்டினார்கள். கட்டியதும் என் எட்டுதூரம் சட்டென்று சுருங்கியது. முந்தைய வாரங்களில் வளர்ந்ததாகத் தெரிந்ததில் ஒரு பகுதி முதுகின் வேலை என்பது அப்போது வெளிச்சமாயிற்று. அதற்காக வருந்தத் தேவையில்லை. அந்தச் சுருங்கிய எல்லைதான் உண்மையான தொடக்கப் புள்ளி. வீட்டில் பட்டைக்குப் பதிலாக என் மகள் பின்னால் நின்று, முதுகுக்கும் சாய்வுக்கும் நடுவில் ஒரு மெல்லிய துண்டை மடித்து வைத்தாள். நான் முன்னே சாய்ந்தால் துண்டு நழுவி விழும். "அப்பா, துண்டு விழுந்துடுச்சு" என்ற குரல் கேட்டால் அந்தப் பந்து கணக்கில் இல்லை. ஹெட்செட் போட்டிருப்பவரால் தன் உடலைப் பார்க்க முடியாது என்பதால், வெளியிலிருந்து பார்க்கும் ஓர் ஆள் இல்லாமல் ஆட வேண்டாம் என்பேன்.

கையில் மிகச் சிறிய அசைவு மட்டுமே இருந்த தொடக்க நாள்களில் வேறொரு வசதியைப் பயன்படுத்தினார்கள். என் கை கொஞ்சம் நகர்ந்தால் திரையிலுள்ள கை கூடுதலாக நகரும். பெலன் ரூபியோ பாலெஸ்டரும் சகாக்களும் பார்சிலோனா குழுவில் இந்த முறையை ஆராய்ந்து 2016-இல் எழுதியிருக்கிறார்கள். முயன்று முயன்று தோற்றதால் மூளை அந்தக் கையைப் பயன்படுத்துவதையே கைவிட்டுவிடுகிறது; முயற்சிக்குப் பலன் கிடைப்பதைக் கண் காணும்போது மீண்டும் அந்தக் கையைத் தேர்ந்தெடுக்கத் தொடங்குகிறது என்பதுதான் இதன் அடிப்படை. என் இடது கை ஒரு பந்தைத் தொட்டதைப் பார்த்தபோது ஏற்பட்ட உந்துதலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பெருக்கம் வார வாரம் குறைக்கப்பட வேண்டும், அது எவ்வளவு என்பது ஆடுபவருக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும். எனக்கு அதைத் தொடக்கத்திலேயே சொன்னார்கள். சொன்னதால் ஊக்கம் குறையவில்லை.

ஆய்வுகள் சொல்வதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். கைக்கருவியை அசைத்துத் திரையில் ஆடும் நிண்டெண்டோ வீ என்ற வீட்டு விளையாட்டை வைத்து குஸ்தாவோ சபோஸ்னிக் தலைமையில் நடந்த பல்நாட்டுச் சோதனை 2016-இல் வெளியானது. அதில் 141 பேர். ஒரு பாதியினர் வீ ஆடினார்கள், மறுபாதியினர் சீட்டு, பிங்கோ போன்ற எளிய விளையாட்டுகளை அதே நேர அளவுக்கு ஆடினார்கள். இரு குழுவினரின் கைகளும் தேறின. இரண்டுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. 72 சோதனைகளை, 2,470 பேரை உள்ளடக்கிய 2017-ஆம் ஆண்டு தொகுப்பாய்வும் (மருத்துவச் சோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்டது) ஏறத்தாழ அதையே சொல்கிறது: அதே அளவு வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டால் கைச் செயல்பாட்டில் விஆர் மேம்பட்டதாகத் தெரியவில்லை, வழக்கமான சிகிச்சையோடு கூடுதலாகச் சேர்த்து மொத்தப் பயிற்சி நேரத்தை உயர்த்தும்போது பயன் தரக்கூடும். என் அனுபவமும் இதற்கு ஒத்தே வருகிறது. சிகிச்சையாளரின் நேரத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் ஹெட்செட்டை வைப்பதாக எந்த மையமாவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அவருடைய நேரத்துக்கு மேல் கிடைக்கும் பயிற்சியாக வந்தால், மனம் உவந்து ஏற்றுக்கொள்ளுங்கள். பொழுதுபோக்குக்காகச் செய்யப்பட்ட விளையாட்டும், எல்லையை அளந்து, பக்கத்தைப் பூட்டி, நோயாளிக்காகவே அமைத்த விளையாட்டும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வைக்கவும்.

விஆரில் எடை கிடையாது. அங்கே நான் எடுத்து வைத்த பெட்டிகள் எதுவும் என் உள்ளங்கையை அழுத்தவில்லை. பிடி தளர்ந்தாலும் நழுவவில்லை. அதனால் தோளும் முழங்கையும் நன்றாகத் தேறிக்கொண்டு வந்தபோது, விரல்கள் பின்தங்கின. குறிப்பாகப் பிடித்ததை விடுவிக்க விரல்களை விரிப்பது. இந்தக் குறையை ஈடுகட்ட, ஒவ்வொரு விஆர் அமர்வும் முடிந்த உடனே, களைப்பு ஏறுவதற்கு முன், அன்று பழகிய அதே அசைவை ஒரு உண்மையான பொருளோடு செய்ய வைத்தார்கள். முன்னால் நீட்டும் பயிற்சி என்றால், பாதி நீர் நிரம்பிய தம்ளரை அலமாரித் தட்டில் வைத்துக் கையை எடுப்பது. உடலைக் குறுக்காகக் கடக்கும் பயிற்சி என்றால், வலது தோளில் கிடக்கும் துண்டை இடது கையால் இழுப்பது. வலது கையால் எழுதும்போது தாள் நகராமல் இடது கையால் அழுத்திப் பிடிப்பதை நான் தனியாகக் கேட்டுச் சேர்த்துக்கொண்டேன், ஏனென்றால் எனக்கு அன்றாடம் தேவைப்பட்டது அதுதான். விளையாட்டில் வந்த அசைவு வாழ்க்கைக்குள் வருவதற்கு இந்தச் சில நிமிடங்கள்தான் பாலமாக இருந்தன. உங்களுக்குத் திரும்ப வேண்டிய வேலைகள் எவை என்று சிகிச்சையாளரிடம் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள்; விளையாட்டை அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க முடியும்.

உடல்நலம் சார்ந்த எச்சரிக்கைகள் சில உண்டு. தளர்ந்த தோளில் எலும்பு தன் குழியிலிருந்து சற்று இறங்கியிருக்கலாம். அந்த நிலையில் கையைத் தலைக்கு மேல் திரும்பத் திரும்பத் தூக்கினால் வலி நீடிக்கக்கூடும். என் விளையாட்டின் மேல் எல்லையைத் தோள் உயரத்தோடு நிறுத்தியிருந்தார்கள், நெடுநாள் கழித்தே உயர்த்தினார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு வலிப்பு வந்தவர்கள் நரம்பியல் மருத்துவரின் சம்மதம் இல்லாமல் ஹெட்செட் அணியக் கூடாது. ஹெட்செட்டுகளும் இலேசானவை அல்ல. எடுத்துக்காட்டாக, மெட்டா குவெஸ்ட் 2 என்ற ஹெட்செட் 503 கிராம், அந்த எடையின் பெரும்பகுதி முகத்தின் முன்பக்கம் இழுக்கும். கழுத்து தளர்ந்தவர்களுக்குப் பின்பக்கம் எடை வைத்துச் சமன் செய்த பட்டை உதவும். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் அதற்கு இடம்விட்டு மாட்டச் சொல்ல வேண்டும். அருகில் தெரியும் பொருளுக்காகக் கண்கள் உள்நோக்கித் திரும்பும்போது, அதன் குவியமோ ஹெட்செட்டின் நிலையான தூரத்திலேயே நிற்கும். இந்த முரணால் கண் வலிக்கும், தலை சுற்றும். தலைசுற்றல் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும்; பொறுத்துக்கொண்டு ஆடினால் அடுத்த முறை அது இன்னும் விரைவில் வரும். காட்சி முழுவதும் நகரும் விளையாட்டுகளைத் தவிர்த்து, அறை அசையாமல் நின்று பொருள்கள் மட்டும் நகரும் விளையாட்டுகளைத் தேர்ந்தால் பெரும்பாலானோருக்கு இந்தத் தொல்லை வராது. நின்று ஆடும் விளையாட்டுகள், பிடித்துக்கொள்ள ஆளும் பயிற்சி பெற்ற கண்காணிப்பும் உள்ள இடத்துக்கு மட்டுமே உரியவை.

பக்கவாதம் வந்த உடனேயே தொடங்கிவிட வேண்டும் என்ற அவசரமும் வேண்டாம். 2015-இல் வெளியான அவெர்ட் சோதனை, 24 மணி நேரத்துக்குள் தொடங்கி அதிக அளவில் எழுந்து நடக்க வைத்த குழுவில், வழக்கமான சிகிச்சை பெற்ற குழுவைவிட நல்ல மீட்சி பெற்றோர் குறைவாகவே இருந்ததைக் காட்டியது. முதல் சில நாள்களில் எவ்வளவு பயிற்சி என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மறுபுறம், மாதங்கள் கடந்துவிட்டன, இனிப் பயனில்லை என்று கைவிடவும் வேண்டாம். முன்னேற்றத்தின் வேகம் குறையுமே ஒழிய, கதவு அடைபட்டுவிடுவதில்லை. நாள்பட்ட நிலையில் இருப்பவர்களையும் சேர்த்தே மேலே சொன்ன ஆய்வுகளில் பல நடந்திருக்கின்றன.

வீட்டுப் பயிற்சிக்கு வந்தபோது நாங்கள் கடைப்பிடித்தவை சில. ஒரே மூச்சில் நீண்ட நேரம் ஆடுவதைவிடக் காலையிலும் மாலையிலும் குறுகிய நேரம் ஆடுவது எனக்கு ஒத்துவந்தது. களைப்பு வந்த பிறகு செய்யும் அசைவுகள் பெரும்பாலும் குறுக்குவழிகளாகவே இருந்தன. தோள் ஏறுகிறதா, துண்டு விழுகிறதா என்பதை மகள் ஒரு குறிப்பேட்டில் எழுதினாள். கருவியின் பதிவோடு அதையும் சிகிச்சையாளர் கேட்டு வாங்கிப் பார்த்தார், பல நேரங்களில் அந்தக் குறிப்பேட்டை வைத்துத்தான் அமைப்பை மாற்றினார். இடது கைக்கான அமைப்புகளை நாங்களாக மாற்றவில்லை. ஹெட்செட்டின் இணைப்பு அறுந்த நாள்களில் அதைச் சரிசெய்யப் பயிற்சி நேரத்தைச் செலவிடாமல், தம்ளரையும் துண்டையும் மரக்கட்டைகளையும் எடுத்துக்கொண்டோம்.

விரல்களை முழுமையாக விரிப்பது எனக்கு இன்னும் கைவரவில்லை. அதற்கான பயிற்சி இப்போது விஆருக்கு வெளியே, தொழில்வழிச் சிகிச்சையாளரிடம், உண்மையான பொருள்களைக் கொண்டு நடக்கிறது. இடப்பக்கத் தேடலுக்கும் எட்டுதூரத்துக்கும் மட்டும் ஹெட்செட்டைத் தொடர்கிறேன்.

ஒன்றை மட்டும் வீட்டிலுள்ள எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். ஆடிக்கொண்டிருக்கும்போதோ ஆடி முடித்த பிறகோ முகம் ஒருபக்கம் கோணினால், பேச்சுக் குழறினால், நன்றாக இருந்த கையோ காலோ திடீரென்று வலுவிழந்தால், தாங்க முடியாத தலைவலி சட்டென்று வந்தால், அதை விளையாட்டின் களைப்பு என்று எண்ணி ஓய்வெடுக்கச் சொல்லக் கூடாது. மீண்டும் ஒரு பக்கவாதமாக இருக்கலாம். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனடியாக அவசர சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்து தரலாமா என்பதை அந்த நேரத்தை வைத்துத்தான் மருத்துவர்கள் முடிவு செய்வார்கள்.